திரி நீளம்... வெடி புஸ்!

பெட்டி மேல இருக்கிற படத்தைப் பார்த்து வெடியை எடை போடக் கூடாது. எங்க வெம்பக்கோட்டை பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம் இது.

தெரிஞ்சும் போன வாரம் ஏமாந்தேன். 'கிளைமாக்ஸை யாருக்கும் சொல்லாதீங்க' என்று ஒரு மாசமா போனைத் திறந்தாலே அந்த சஸ்பென்ஸ் பட விளம்பரம்தான். குடும்பத்தோடு சிவகாசிக்குக் கிளம்பினோம். பட்டாசு ஆலைக்குப் போகும் அக்கா மகள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள்.

இடைவேளையிலேயே என் 12 வயது மகன், "டாக்டர்தாம்மா கொலைகாரன்" என்றான். எப்படிடா? "நாலு வசனம் பேசவா அவ்ளோ பெரிய நடிகரைக் கூட்டிட்டு வருவாங்க?" கடைசியில் அவரேதான்!

1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கிய ஏவி.எம்மின் 'அந்த நாள்' படமும் வசூலில் சறுக்கியதுதான். பாட்டே கிடையாது, சிவாஜி சுடப்படுவதில்தான் கதையே தொடங்கும். அன்றைய ரசிகர்களுக்கு அது பழகாத ருசி. ஆனால், கொலையாளி யாரென்று தெரிந்தும் இன்றைக்கும் அதைப் பார்க்கிறோம். ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் விழ, அதில் காரணம் இருக்கிறது. நாங்கள் பார்த்த படத்தில் ரகசியம் மட்டும்தான் இருந்தது. அதுவும் பாதியிலேயே உடைந்துவிட்டது.

திரும்பும்போது அக்கா மகள் சொன்னாள்: "எங்க ஆலையில இப்படி ஒரு வெடி செஞ்சா, ஃபோர்மேன் திருப்பிக் கொடுத்துடுவாரு சித்தி."

இனிமேல் படம் பார்த்தவர்களிடம் கதையைக் கேட்கப் போவதில்லை. 'முடிவு தெரிஞ்ச பிறகும் இன்னொரு தடவை பார்ப்பீங்களா?' என்று மட்டும் கேட்பேன். பதில் வந்த பிறகுதான் டிக்கெட்.

நீங்கள் கடைசியாக ஏமாந்த சஸ்பென்ஸ் எது?