தண்டவாளம் யாருக்காக?

மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனில், தலைநகர் பிறீரவுணிலிருந்து கிழக்கே பெண்டெம்பு வரை ஒரு சிறிய புகையிரதப் பாதை இருந்தது. ஆங்கிலேயர் 1896இல் தொடங்கிய அப்பாதை வழியே கொக்கோவும் எண்ணெய்ப்பனை விதைகளும் துறைமுகம் சென்றன. மக்களும் பயணம் செய்தனர். நட்டம் எனக் கூறி 1974இல் அதனை முற்றாக மூடினர். அதற்கு ஈடான வீதிகள் எல்லாக் கிராமங்களையும் எட்டவில்லை. மாரியில் மண்பாதை சேறானால் லொறி வராது. விளைச்சல் தேங்கும் அல்லது அறாவிலைக்குப் போகும்.

இரும்புத்தாதுக்காகப் பெப்பல் துறைமுகத்துக்கு இட்ட தண்டவாளமோ, நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்தும், 2011இல் மீண்டும் ஏற்றுமதிக்கு உதவியது. கனியத்துக்குக் கிடைத்த கவனிப்பு கமக்காரருக்குக் கிடைக்கவில்லை. நட்டக் கணக்கு எழுதியவர்கள், சந்தைக்குப் போகாமல் வீணான விளைச்சலை அதிற் சேர்த்தார்களா என்று கேட்கிறோம். பாதை பற்றிய முடிவு எடுக்கும் இடத்தில், சுமை தூக்கி நடப்பவர்களும் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.