மரத்துப்போன கால்களுக்கு யார் சாட்சி?

1969-ல் வியட்நாம் காட்டில் நின்ற 20 வயது அமெரிக்கச் சிப்பாய் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கால் விரல்களில் எரிச்சல், பிறகு மரத்துப்போதல். குண்டு விழும் இடத்தில் இதற்காக மருத்துவரைத் தேடிப்போய்ச் சீட்டு வாங்கி வைப்பவர் எத்தனை பேர்? இன்று எழுபதைக் கடந்துவிட்ட அவர், நடக்க முடியாமல் ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்கிறார். அந்த நோய் அன்றே தொடங்கியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறது அவரைப் போருக்கு அனுப்பிய அரசு.

1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை வியட்நாமில் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியைத் தெளித்தது. அதில் பெரும்பங்கு 'ஏஜென்ட் ஆரஞ்சு'. அதில் டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்திருந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, வியட்நாமில் பணியாற்றியவர் நச்சுக்கு ஆளானவர் என்றே கொள்ளப்படுவார். அவருக்கு வந்த நோய் அரசுப் பட்டியலில் இருந்தால், அது நச்சினால் வந்தது என்றே கொள்ளப்படும். தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இது நியாயமான ஏற்பாடு. வழக்குத் தொடுப்பவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது நம் ஷரீஅத் சட்டத்திலும் அடிப்படை விதி. ஆனால் ஆதாரம் என்பது எழுத்துச் சீட்டும் இரு சாட்சிகளும் மட்டுமல்ல, உண்மையை வெளிப்படுத்தும் எதுவும் ஆதாரமே என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) 'அத்துருக்குல் ஹுக்மிய்யா' நூலில் விரிவாக வாதிட்டார்கள். சூழ்நிலையைப் பார்க்காத நீதிபதி உரிமைகளைப் பாழாக்கிவிடுவார் என்பதே அவர்களின் கவலை.

நரம்புச் சிதைவு விஷயத்தில் அந்தக் கவலை உண்மையாகியிருக்கிறது. பட்டியலில் நரம்புச் சிதைவு உண்டு. ஆனால் நிபந்தனையுடன்: நச்சுக்கு ஆளான ஒரு வருடத்துக்குள், குறைந்தது 10 சதவீத ஊனம் எனும் அளவுக்கு அது வெளிப்பட்டிருக்க வேண்டும். 2013 வரை இன்னொரு விந்தையும் இருந்தது. தோன்றிய இரண்டு வருடத்துக்குள் நோய் குணமாகியிருக்க வேண்டும்! அதாவது, இன்னும் துன்பப்படுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை நீக்கினார்கள், ஒரு வருட வரம்பை வைத்துக்கொண்டார்கள். 2022-ல் வந்த 'பேக்ட்' சட்டம் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியாவின் சில பகுதிகளையும், ரத்த அழுத்த நோயையும் சேர்த்தது. நரம்புக்கான ஒரு வருட வரம்பு அப்படியே நிற்கிறது.

தாமதமாகத் தோன்றும் நரம்புச் சிதைவை இந்த நச்சோடு இணைக்கப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என்பது அரசின் வாதம். சான்று போதாது என்பதும் தொடர்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. இருபக்கச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஐயத்தின் பலனைக் கோருபவருக்கே தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு 2001 முதல் பட்டியலில் உள்ளது. நீரிழிவால் நரம்பு கெட்டால் அதற்கும் உதவி உண்டு. ஆக, சர்க்கரை நோய் உள்ளவருக்கு வழி திறக்கிறது. நரம்பு மட்டும் கெட்டவர், தன் நோய்க்கும் நச்சுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்று வந்து போராட வேண்டும்.

போராடினால் பலன் இல்லாமல் இல்லை. 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள் உள்ளன: புதிய சான்றுடன் மீண்டும் கோரலாம், மூத்த அதிகாரியிடம் மறுபரிசீலனை கேட்கலாம், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அன்றைய மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வாக்குமூலத்தைத் தள்ளக் கூடாது என்று அங்குள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மனைவியின் சாட்சியும், உடன் பணியாற்றியவரின் சாட்சியும் அங்கே எடை பெறுகின்றன.

அந்நிய மண்ணில் குண்டு வீசியவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கக் கூடாது என்பது குர்ஆன் இட்ட கட்டளை. அதே நீதி இன்னொரு பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. அதே நச்சில் நனைந்த வியட்நாம் மக்கள், அதைத் தயாரித்த நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2005-ல் தள்ளுபடியானது. போரில் களைக்கொல்லி தெளித்தது அன்றைய சர்வதேசச் சட்டப்படி குற்றமல்ல என்றது நீதிமன்றம். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்தது. சிப்பாய்க்கு அரைகுறையாகவாவது கிடைத்த 'நம்பிக்கொள்கிறோம்' என்ற வார்த்தை, அந்த விவசாயிக்குக் கிடைக்கவே இல்லை.

நச்சைத் தெளித்தவர் யார் என்பதில் ஐயமில்லை. ஐயம் எஞ்சியிருப்பது எவ்வளவு காலம் கழித்து அது நரம்பைத் தின்றது என்பதில் மட்டுமே. அந்த ஐயத்தின் சுமையைத் தெளித்தவர் சுமக்கட்டும். நடக்க முடியாதவரின் தோளில் ஏற்றுவது அநீதி. ஒரு வருட வரம்பு நீக்கப்பட வேண்டும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. வேலையிடத்தில் ஒருவர் நோயுற்றால், அதைக் கண்டவர்கள் தேதியோடு எழுதிவைப்பதும், கேட்கும்போது மறைக்காமல் சொல்வதும் சிறிய காரியமல்ல. ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்தின் ஹக் அந்த ஒரு சாட்சியத்தில் நிற்கலாம்.