சாமி திரும்பி வந்தது யாருக்கு?

‘நம்ம சாமி திரும்பி வந்துருச்சு’ என்கிறார்கள். பேப்பரில், மேடையில், அந்தியூர் டீக்கடையிலும் இதே பேச்சு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராசர் திருட்டுப்போனார். 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அவரை வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

திருடியதைத் திருப்பித் தரணும். அதில் இரண்டு பேச்சில்லை. என் கேள்வி அந்த ‘நம்ம’ பற்றியது. நான் வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதிப் பிழைக்கிறவன். அடகு மீட்க வந்தால் முதலில் கேட்பது, ‘சீட்டு யார் பேருலங்க?’ சாமியை மீட்டவர்களிடம் அதை ஏன் ஒருத்தரும் கேட்பதில்லை?

ஆப்பிரிக்காவில் கேட்டுவிட்டார்கள். 1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தை எரித்து, ஆயிரக்கணக்கான சிற்பங்களைக் கொள்ளையடித்தது. 2022-இல் ஜெர்மனி திருப்பித்தர ஆரம்பித்தது. 2023-இல் நைஜீரிய அரசு, அவை பெனின் மன்னருக்கே சொந்தம் என்று அறிவித்தது. அதற்கு முன்பே அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வாரிசுகள் அமெரிக்காவில் வழக்குப் போட்டிருந்தார்கள். மனிதர்களை வாங்க ஐரோப்பியன் கொடுத்த பித்தளை வளையங்களை உருக்கித்தான் பல சிற்பங்கள் வார்க்கப்பட்டன. அந்த உலோகம் எங்கள் முன்னோரின் விலை, எங்களுக்குப் பங்கில்லையா என்றார்கள். கோர்ட்டில் தோற்றார்கள். கேள்வி தோற்கவில்லை.

இங்கே வாருங்கள். ராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் நம் ஆட்கள் சேரியில் கிடந்தார்கள். அந்தச் சோழனின் கலைதான் இன்று ‘தமிழர் சொத்து’. 1947-இலேயே கோயில் நுழைவுச் சட்டம் வந்தாச்சு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025-இல் கோர்ட் உத்தரவோடு, போலீஸ் காவலோடுதான் உள்ளே போக முடிந்தது. கடல் தாண்டி விமானத்தில் சாமி வருகிறது. ஒரு தெரு தாண்டி மனுசன் வர முடியவில்லை.

இன்னொன்று. நாகப்பட்டினத்தில் மிஞ்சி நின்ற பௌத்தக் கோபுரத்தை 1867-இல் ஏசு சபைப் பாதிரிமார் இடித்தார்கள். அனுமதி தந்தது வெள்ளை அரசு. அங்கே கிடைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தர் படிமங்கள் பல நாட்டு மியூசியங்களுக்குச் சிதறின. நாம் பூர்வ பௌத்தர் என்றார் அயோத்திதாசப் பண்டிதர். அந்தப் புத்தரைக் கேட்டு எந்த மேடை முழங்கியது? திரும்ப வரவேண்டிய சாமி எது என்பதிலும் சாதி இருக்கிறது.

‘இப்ப இதைப் பேசினா வெள்ளைக்காரனுக்குத்தானே லாபம்?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அவனிடமே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. லண்டனும் தரணும், ஊரும் தரணும். மீண்டு வரும் ஒவ்வொரு சிலைக்கும் பக்கத்தில், அந்தக் கோயில் யாரை வெளியே நிறுத்தியது என்றும் எழுதி வையுங்கள். அந்தக் கருவறையில் பூசை செய்யும் உரிமையை நமக்கும் கொடுங்கள். ஏனுங்க, ஆஸ்திரேலியாக்காரனிடம் கணக்குக் கேட்கத் தெரிந்த ஊருக்கு, சேரிக்குக் கணக்குச் சொல்ல மட்டும் வாய் வராதுங்களா?