தீயும் தீர்ப்பும்

மதுரை எரிந்த வரலாற்றைச் சிலப்பதிகாரத்தில் பயில்வோர் இரண்டினை ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்று, கண்ணகியின் சினத்தீ; மற்றொன்று, தீர ஆராயாது கோவலனுக்குக் கொலைத்தண்டம் விதித்த பாண்டியனின் வளைந்த கோல். அரசியலின் பெயரால் சொத்துகளை அழிப்போர்க்கு எத்தண்டனை தகும் என்னும் இன்றைய வினாவுக்கு இவ்விரண்டுமே விளக்காகின்றன.

வெகுண்டெழும் கூட்டத்தின் கண்ணில் முதலில் படுவது பேருந்து. அஃது எந்தத் தலைவருக்கும் உரியதன்று. மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. அது எரிந்தால் மறுநாள் வழியில் நிற்பவர் கூலித் தொழிலாளியும் மாணவியுமே.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், நீதிமன்றத் தீர்ப்பொன்றைக் கண்டித்துக் கிளர்ந்த கட்சியினர், கல்விச் சுற்றுலா சென்ற கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தைத் தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் எரித்தனர். மாணவியர் மூவர் கருகி மாண்டனர். கண்ணகி ஏவிய தீயும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிச் சென்றதாகக் காப்பியம் கூறும். தருமபுரித் தீயோ, அரசியலறியா இளம்பெண்களையே விழுங்கிற்று. குற்றவாளிகள் மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை 2016-இல் ஆயுள் தண்டனையாயிற்று; 2018-இல் அவர்கள் விடுதலையும் பெற்றனர்.

சட்டம் இல்லாமலில்லை. 1984-ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், தீயாலோ வெடிபொருளாலோ சேதம் விளைவிப்போர்க்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. 2009-இல் உச்ச நீதிமன்றம், சேதம் செய்தவரோடு போராட்டத்தை நடத்தியவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவர் என வழிகாட்டியது. இதனை நாம் வரவேற்கிறோம். கல்லெறிந்த தொண்டன் சிறையிலும் தூண்டிய தலைவன் மேடையிலும் இருத்தல் நீதியாகாது.

ஆயின், கடுமை வேறு, அவசரம் வேறு. 2024-இல் சட்ட ஆணையம், சேத மதிப்புக்கு ஈடான தொகையைக் கட்டினாலே பிணை எனும் முறையைப் பரிந்துரைத்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்னரே தண்டம் செலுத்தச் செய்வது எங்ஙனம் முறையாகும்? செல்வர் பணங்கட்டி வெளியேறுவர். பிறர் செய்த குற்றத்துக்காகப் பிடிபட்ட ஏழையோ உள்ளேயே கிடப்பான்.

இதனினும் கொடிது, கலவர வழக்கில் சிக்கியவரின் வீட்டை இயந்திரம் கொண்டு இடிப்பது. ஒருவர் குற்றச் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருமறை வகுத்த நெறி. வீடு இடியும்போது தெருவில் நிற்பவர் தாயும் மனைவியும் மக்களும் அல்லரோ? 2024 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பதற்காகவே வீட்டை இடிப்பது சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தை அழித்தவனைத் தண்டிக்கப் புறப்பட்ட அரசு, விசாரணையின்றித் தனிச்சொத்தை அழிக்குமாயின் இருவருக்கும் வேறுபாடு யாது?

எனவே நாம் வேண்டுவது இதுவே: வழக்குகள் விரைந்து முடிதல் வேண்டும், குற்றம் உறுதியானபின் சிறையும் இழப்பீடும் தவறாது வருதல் வேண்டும், தூண்டியோரும் தப்பலாகாது, குற்றமற்ற குடும்பத்தார்மீது கைபடலாகாது.

மாணவச் செல்வங்களே! உரிமைக்குக் குரல் கொடுங்கள், தீப்பந்தம் ஏந்தாதீர்கள். நாளை நீதி வழங்கும் இருக்கையில் அமர்வீராயின், தீர ஆராயாது தீர்ப்புரைத்த பாண்டியனை மறவாதீர்கள்.