எங்கள் ஊர்க் காகிதங்களுக்கு ஒரு பீரோ

தமிழ்நாடு பொது நூலகத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

ஆவடியில் குடியிருக்கும் நூலக வாசகன் எழுதுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி கிளை நூலகர்களுக்கு ஊர் வரலாற்றைச் சேகரிக்கும் பொறுப்பை முறைப்படி ஒப்படையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைத் தாங்கள் அறிவீர்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். கைக்காசைப் போட்டு நூல்களையும் இதழ்களையும் வாங்கிக் குவித்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டதையும் அவர் எடுத்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. நல்லவேளை, அது கடல் கடந்து போகவில்லை. 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தரமணிக்குப் போகுமுன் அது இருந்தது அம்பத்தூருக்கு அடுத்த முகப்பேரில். செட்டிநாட்டுக் காகிதங்கள் எங்கள் பக்கம் பத்திரமாக இருந்தன. எங்கள் ஊர்க் காகிதங்களைக் கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

கேட்டால் என்னென்ன கிடைக்கும்! 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலின் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தப் பந்தலில் தண்ணீர் கொடுத்தவர், தொண்டர் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றவர் வீட்டுப் பெட்டியில் ஒரு புகைப்படமாவது இருக்காதா? 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் ஆலை, டன்லப் டயர் ஆலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1961இல் ஆவடிக்கு வந்த கனரக வாகனத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றினார்கள். சங்கத் துண்டறிக்கை, போனஸ் ஒப்பந்த நகல், கேன்டீன் டோக்கன், குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை, ஏரிக்கரை ஓரம் மனை பிரித்தபோது போட்ட லேஅவுட் வரைபடம், திருமுல்லைவாயில் கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாமே வரலாறுதான். கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா டாங்கிகளைப் பூட்டிய கைகளுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். அவர்கள் கண்மூடினால் வீடு பில்டரிடம் போகும், காகிதம் எடைக்குப் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மூழ்கியபோது எத்தனை காகிதம் நனைந்ததோ என்று நினைத்தால் எனக்கு இன்னும் பதைக்கிறது.

எங்கள் வட்டாரத்துக்குத் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தோம். 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வந்தோம். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியிலும், 2018இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூவிருந்தவல்லி திருவள்ளூரிலேயே நிற்கிறது. ஒரே பேருந்தில் போய்வரும் மூன்று ஊர்களின் ஆவணங்களை யார் ஒன்றாக வைத்துப் பார்ப்பது? ஊரில் உட்கார்ந்திருக்கும் கிளை நூலகர்தான். காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர் எந்த ஆலையில் ஃபிட்டராக இருந்தார் என்பது நூலகருக்குத் தெரியும். எந்த ஆசிரியர் வீட்டுப் பரணில் பழைய இதழ் கிடக்கிறது என்பதும் தெரியும். அந்த அறிவு பணி மாறுதல் ஆணையோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வந்தாக வேண்டும். தெருமுனைத் துண்டறிக்கை எங்கே வரும்? அதைக் கொண்டுவந்து நீட்டினால் கிளை நூலகர் எந்தப் பதிவேட்டில் ஏற்றுவார்? காணாமல் போனால் யார் பதில் சொல்வது? இந்தத் தயக்கம் நியாயமானது. தங்கள் ஆணை ஒன்றுதான் அதைத் தீர்க்கும்.

நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் பாடுபட்டதன் பயனாக 1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி எங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். அதிலிருந்து மூன்று நூலகங்களிலும் தலா ஒரு பூட்டுள்ள பீரோ, அமிலமில்லாத உறைகள், உள்ளூர்ச் சேகரத்துக்கென்று தனிப் பதிவேடு வேண்டும். வாரத்தில் அரை நாள் நூலகர் வெளியே போய் முதியவர்களைச் சந்திப்பதும் பணியாகக் கணக்கில் சேர வேண்டும். காகிதம் பேணும் பயிற்சிக்கு ரோஜா முத்தையா நூலகத்தையும், மின்னுருவாக்கத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தையும் அணுகலாம். குடும்பக் கடிதங்களை உரியவர் எழுத்தில் சம்மதம் தந்தபிறகே வாசகர் பார்வைக்கு வைக்க வேண்டும். சென்னை, திருவள்ளூர் என்ற இரு நூலக ஆணைக்குழுக்களுக்கும் சேர்த்து ஒரே ஆணையாக வந்தால்தான் இது நடக்கும்.

ஆணையில் தாங்கள் கையெழுத்திட்டால், வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிவரும் வேலையை வாசகர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆவடி நூலக வாசகன்