டிராக்டருக்கு உரிய எண்ணெய்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையிலுள்ள வன்னியம்பட்டி முதலிய கிராமங்களில் டீசல் டிராக்டரும் பெட்ரோல் மோட்டார் சைக்கிளும் ஒரே வீட்டில் நிற்பது சகஜம். உழவு மும்முரத்தில் டிராக்டரின் எண்ணெய் குறைந்தால், மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய டப்பாவை எடுத்து வார்ப்பது சிக்கனமன்று. பெரு நஷ்டத்திற்கே வழியாகும்.

டீசல் எரிகையில் புகைக்கரி மிகுதியாய் உண்டாகிறது. அக்கரி கட்டிப்படாமல் பிரித்துத் தாங்கும் சரக்குகளும், கந்தகத்தால் விளையும் அமிலத்தை முறிக்கும் காரமும் டீசல் யந்திர எண்ணெயில் அதிகம். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாதென்று ஏற்பட்டபோதிலும், கரி ஒழிந்துவிடவில்லை. பெட்ரோலுக்கென்றே செய்த எண்ணெய் அக்கரியைத் தாங்கமாட்டாது. நாளடைவில் பேரிங்குகள் தேயும்.

புது எண்ணெய் விரைவில் கறுத்ததென்று கடைக்காரரைக் குறைகூறுவது தகாது. கரியைத் தன்னுள் ஏந்துவதாலேயே அது கறுக்கிறது. மாற்றுங்காலத்தை நிறத்தைக்கொண்டன்றி, யந்திரம் ஓடிய மணிக்கணக்கைக்கொண்டே நிச்சயிக்க வேண்டும்.

‘15டபிள்யூ-40’ என்பது எண்ணெயின் கனத்தை மாத்திரமே காட்டும். ஏ.பி.ஐ. குறி ‘சி’ எழுத்தில் தொடங்கினால் டீசலுக்கும், ‘எஸ்’ எழுத்தில் தொடங்கினால் பெட்ரோலுக்கும் உரியது. டிராக்டருடன் வந்த புத்தகத்தில் கண்ட குறியையே கேட்டு வாங்குக. கிராம அதிகாரிகளும் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம். உழவுப் பருவத்தில் யந்திரம் படுத்துவிட்டால், எண்ணெயில் மிச்சம் பிடித்த சில ரூபாய் ஈரம் போன நிலத்தை மீட்டுத் தராது.