பன்னிரண்டு வோல்ற்று எதற்கு?

மாதிரி விமானங்களில் பூட்டப்படும் சிறிய மெதனோல் இயந்திரங்களுக்குத் தீப்பொறி தேவையில்லை. அமெரிக்கரான றே ஆர்டன் 1947 இல் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கில் இருப்பது ஒரு பிளாற்றினக் கம்பிச்சுருள்தான். ஏறத்தாழ 1.5 வோல்ற்று கொடுத்தால் அது செந்தழலாகும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இணைப்பைக் கழற்றிவிடலாம். எரிதலின் வெப்பமும் பிளாற்றினத்தின்மீது மெதனோல் ஆவி நிகழ்த்தும் வினையும் சுருளை அணையவிடா.

இந்தச் சொற்ப நேரத் தேவைக்கு 12 வோல்ற்றுப் பற்றரியைத் தடையொன்றின் ஊடாக இணைப்போர் உளர். வீண்வேலை என்பேன். சுருள் 3 அம்பியர் இழுத்தால் அதற்குச் சேர்வது 4.5 வாற்று, தடையில் வெப்பமாகித் தொலைவது 31.5 வாற்று. அதையாவது பொறுக்கலாம். எரிபொருள் மிகுந்து சுருள் நனைந்து குளிர்ந்தால் அதன் மின்தடை குறையும். தனிக்கலம் எனில் அவ்வேளை கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து சுருளைக் காயவைக்கும். மற்றைய ஏற்பாட்டிலோ மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அந்தப் பெரிய தடையே. ஆகவே மின்னோட்டம் அவ்வளவாகக் கூடாது; சுருளுக்குக் கிடைக்கும் வலு, வேண்டிய வேளை பார்த்துக் குறைந்துவிடும். (சில உறவினரும் இப்படித்தான்.)

மின்னோட்டத்தைத் துடிப்புகளாக வெட்டிக் கொடுக்கும் மின்னணுப் பலகைகள்மீது எனக்கு முறைப்பாடில்லை. ஆயினும் புதியவருக்கு மீள மின்னேற்றத்தக்க நிக்கல் கலம் ஒன்றே போதும். அது 1.2 வோல்ற்றுத்தான், உள்தடை குறைவாதலால் கேட்ட மின்னோட்டத்தைத் தயங்காமல் தரும்.